குன்வோரம்மா வீட்டு விளக்குமாறு

எழுதத் தெரியாதவள் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக்கூடாது. என் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் துண்டுகள்தான். மறதியும் சேர்ந்துவிட்டது. வருடங்களை முன்பின்னாகச் சொல்லுவேன். கிழமைகள் மட்டும் பிழைக்காது. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை, அதனால் எந்தக் கிழமையில் என்ன நடந்தது என்பது நாக்குக்குத் தெரியும்.

எழுதச் சொன்னது ஜெயா. ஒஸ்லோவில் என்னோடு வீட்டு உதவி வேலை செய்தவள். தனியாக இருக்கிற வயது போனவர்களின் வீட்டுக்குப் போய் நிலம் துடைத்து, உடுப்புத் தோய்த்து, சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு வருகிற வேலை அது. இப்போது அவள் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறாள்.

"பவளக்கா, இதுகள் எல்லாத்தையும் ரெலிபோனிலை தட்டிப்போட்டு ஓடி வருகுதுகள். வீட்டுக்காரியின்ரை முகத்தைப் பாக்கிறேல்லை. நீங்கள் அந்தச் சூனியக்காரி வீட்டுக் கதையை எழுதித் தாங்கோ, வாசிச்சுக் காட்டுறன்."

"சூனியக்காரி எண்டு சொல்லாதை."

"சரி, அந்த அம்மா. கத்தி வருமல்லோ கதையிலை?"

கத்தி வரும்.

இது இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடத்தில் நடந்தது. மகனிடம் வந்து சேர்ந்த எனக்கு ஐம்பத்தாறோ ஐம்பத்தேழோ வயது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வேலை பழக்கினார்கள். மூன்று கிழமையும் நான் யாரோடும் கதைக்கவில்லை. என்னை ஊமை என்று நினைத்து ஒரு பெண் கையால் சைகை காட்டினாள். நானும் சைகையிலேயே பதில் சொன்னேன், வசதியாக இருந்தது.

எங்கள் மேலதிகாரி லைலா, நாட்டின் வடக்குத் தொங்கலிலிருந்து வந்தவர். எங்களோடு கதைக்கும்போது எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார், எங்கள் தலைக்குப் பின்னால் இருக்கிற மணிக்கூட்டைப் பார்ப்பார். அந்த நாட்டில் சிலர் ஆமாம் என்பதற்கு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே "ஓம்" சொல்லுவார்கள். லைலா எல்லாவற்றுக்கும் அப்படித்தான். பாராட்டினாலும் அதே மூச்சு, ஆளை வேலையிலிருந்து நிறுத்தினாலும் அதே மூச்சு.

அவருடைய விதிகள் எனக்கு இன்றைக்கும் பாடம். வாசலில் சப்பாத்தைக் கழற்று. கையைக் கழுவு. பொருளை எடுத்த இடத்திலேயே வை. கோப்பி தந்தால் ஒன்று குடி, இரண்டு குடிக்காதே. வீட்டுக்காரரின் சமயத்தைப் பற்றி வாய் திறக்காதே. போகும்போது பேர்மில் எழுது.

பேர்ம் என்றால் ஒவ்வொரு வீட்டிலும் சமைக்கிற குசினியில், தட்டில் இருக்கிற தடித்த கோப்பு. யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், வீட்டுக்காரர் எப்படி இருந்தார் என்று அன்றன்றைக்கு அந்த நாட்டு நொஸ்க் மொழியில் எழுதவேண்டும். எனக்கு நொஸ்க் ஓரளவு கதைக்க வரும், எழுத வராது. ஜெயாவிடம் அழாக்குறையாகச் சொன்னேன். அவள் பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் இரண்டு சொல் எழுதித் தந்தாள். அல்ட் ப்ரா. எல்லாம் நல்லம் என்று அர்த்தம்.

"இதைப் பாத்து எழுதுங்கோ அக்கா. உந்தப் பேர்மை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

எல்லா வீட்டிலும் எல்லா நாளும் அதையே எழுதினேன். லைலாவுக்குத் தெரியாது.

ஒரு நாள் ஸ்டோவ்னர் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது ஜெயா என் கையைப் பிடித்தாள். "அக்கா, என்ரை ரெண்டு நல்ல வீட்டை உங்களுக்குத் தாறன். ஒரு வீட்டை என்னட்டையிருந்து எடுங்கோ. அந்த மனிசி தானே சொல்லுறா, தான் சூனியக்காரியெண்டு. பேப்பரிலை படமும் வந்ததாம்."

"பிறகேன் என்னட்டைத் தள்ளுறாய்?"

"உங்களுக்கு வயசு போயிட்டுது. உங்களை வைச்சு அவ என்ன செய்யப் போறா?"

அப்படித்தான் குன்வோரம்மா எனக்குக் கிடைத்தார். அங்கே பெரியவர்களையும் வெறும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். எனக்கு வாய் வரவில்லை, அம்மாவைச் சேர்த்துவிட்டேன். எழுபத்தெட்டு வயது, நெடுவல், சக்கரம் வைத்த தள்ளுவண்டியைப் பிடித்து நடப்பார். வாயில் எந்நேரமும் ஒரு எலுமிச்சை இனிப்பு. கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கதைத்தது நொஸ்க்தான். எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் ஞாபகம் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நீயும் பயந்தனியோ?"

"ஓம்."

"நல்லது. பயந்த ஆக்கள் மூலையளையும் துடைப்பினம்."

அவர் ஒரு பெண் பூசாரி. விக்கா என்று ஒரு சமயம். நிலவை ஒரு தேவியாகவும், கொம்பு வைத்த ஒரு சாமியைத் தேவனாகவும் கும்பிடுவார்கள். வருடத்துக்கு எட்டுப் பெருநாள். குமரியாக இங்கிலாந்துக்குப் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போன இடத்தில் இதைக் கற்றுக்கொண்டு வந்தவர். வந்து, தான் வேலை செய்த நூலகத்தில் வாய் தவறிச் சொல்லி வேலையைத் தொலைத்தவர். அதற்குப் பிறகு ஒளிக்கவேயில்லை. பேப்பர்காரரைக் கூப்பிட்டு "ஓம், நான்தான்" என்று படம் எடுக்க நின்றாராம். பூசை முறை எல்லாம் ஒரு தடித்த கொப்பியில் கையெழுத்தில் இருக்கும். அவரிடம் படிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்த் தங்கள் ஊரில் வட்டம் தொடங்குவார்கள். பேர்கன், சுவீடன், டென்மார்க் என்று எங்கும் அவருடைய ஆட்கள். விமானம் ஏறி வந்து அந்தச் சின்னக் குசினியில் கைகட்டி இருப்பார்கள். எனக்குத் தெரிந்த எந்தக் குருக்களுக்கும் அவ்வளவு மரியாதை நடந்ததில்லை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. முதல் செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்றும் தெரியாது.

அன்று அவர் கதிரையில் நித்திரை. நான் பின்னறைக் கதவைத் திறந்தேன். சாமி அறை என்று பார்த்ததும் விளங்கியது. வடக்குப் பக்கம் மேசை, விரிப்பு, மெழுகுதிரி, உப்புச் சிரட்டை போல ஒரு கிண்ணம், பித்தளைக் கோப்பை, சாம்பிராணி மணம். மணத்தில் எனக்குக் கை தன்பாட்டில் கும்பிட்டுவிட்டது. ஆனால் அந்த அறை இருந்த கோலம்! மெழுகு வடிந்து விரிப்பு பாறை. கோப்பையில் பழைய வைன். கறுத்த பிடி போட்ட கத்தி, அலகும் கறுப்பு. எல்லாவற்றையும் விட, மேசையோடு சாய்த்து, தேவியின் சிலைக்குப் பக்கத்தில், ஒரு விளக்குமாறு. குச்சிகளைக் கட்டிய, நீளப் பிடி வைத்த விளக்குமாறு.

சாமிக்கு முன்னால் விளக்குமாறு! பாவம், தனியாக இருக்கிற மனிசி, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று நினைத்தேன். லைலாவின் "எடுத்த இடத்திலேயே வை" அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. விளக்குமாற்றால் பல்கணிப் பனியைக் கூட்டித் தள்ளினேன், நல்லாய்க் கூட்டியது. பிறகு குளியலறைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். என் கைப்பைக்குள் கறிக்கென்று கடையில் வாங்கிய பழப்புளி இருந்தது. கோப்பையையும் கத்தியையும் அதைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கத்தி மீன் மாதிரி மின்னியது.

குன்வோரம்மா எழும்பி வந்து அறை வாசலில் நின்றார்.

"கத்தி எங்கை?"

"கழுவிக் காய வைச்சிருக்கிறன்."

"எதாலை?"

"பழப்புளியாலை."

"விளக்குமாறு?"

"குளியலறைக் கதவுக்குப் பின்னாலை."

அவர் தள்ளுவண்டியின் ஆசனத்தில் மெல்ல இருந்தார். "நாப்பது வருசமா என்னைத் தவிர அந்தக் கத்தியை ஒருத்தரும் தொட்டதில்லை."

"அதுதான் அப்பிடி இருந்தது" என்று சொல்லிவிட்டேன். நான் வாய் திறக்காதவள். திறந்தால் இப்படித்தான்.

அவர் முகம் சிவந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பார்த்தால் சிரிக்கிறார். சிரித்து எலுமிச்சை இனிப்பு தொண்டையில் இறங்கி, நான் முதுகில் நாலு அடி போட்டு, அது நிலத்தில் வந்து விழுந்தது. அதையும் துடைத்தேன்.

அன்று ஐந்து மணிக்கு ஒன்பது பேர் பூசைக்கு வர இருந்தார்கள். பிறத்தியார் தொட்ட கத்தியைத் திரும்ப உப்பு, தண்ணீர், புகை எல்லாம் காட்டிச் சுத்தி செய்யவேண்டுமாம். அதற்கு மேல் எப்படிச் சுத்தி செய்வது என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்குமாற்றில்தான் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்கடை ஆக்கள் சாமிக்கு முன்னாலை அதை வைக்கமாட்டினம். லட்சுமி வீட்டை விட்டுப் போயிடுவா."

"எங்கடை தேவிக்கு வழி கூட்டுறதே அது. நிலத்திலை முட்டாமல் காத்தைக் கூட்டுறது."

"நான் பல்கணியைக் கூட்டிப்போட்டன்."

"தெரியுது. ஈரமாய் இருக்கு."

மூன்று செவ்வாய் இழுபட்டு ஒரு முடிவு வந்தது. பூசை நேரம் விளக்குமாறு வரும். மற்ற நேரம் கதவுக்குப் பின்னால், துணி போர்த்தியபடி நிற்கும். கத்தியை அவர் கையாலேயே துலக்குவார். பழப்புளி நான் கொண்டுவருவேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை இல்லை. பின்னறையை வலப்பக்கமாகச் சுற்றித்தான் துடைக்கவேண்டும் என்றார். கோயிலை நாங்களும் அப்படித்தான் சுற்றுவோம் என்றேன். முழு நிலவன்று அவருக்குப் பூசை, பூரணை எனக்கு விரதம். இருவரும் ஒரே நாட்களை வட்டம் போட்டு வைத்திருந்தோம். லைலாவின் வேலை அட்டவணைக்குத்தான் நிலவு தெரியாது.

ஒரு நாள் பஸ் அட்டையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனேன். வாசல் கதவுத் திறப்பு என்னிடம் இருந்தது, திறந்தேன். வாசலில் ஒன்பது குளிர்க் கோட்டு. அதற்குப் பக்கத்தில் மடித்தபடி ஒன்பது பேருடைய காற்சட்டை, சட்டை, கால் மேசு, மிச்சமெல்லாம். பின்னறைக்குள் பாட்டு. சில பூசைகளை உடுப்பில்லாமல் செய்வார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாட்டில் ஒன்று தெரிந்த குரல், குன்வோரம்மாவிடம் படிக்கிறவர்களில் மூத்தவளான மாரித். பல் வைத்தியரிடம் வேலை செய்கிறவள், என் பல்லைப் பிடித்துப் பார்த்தவள். அட்டை குசினியில் இருந்தது, குசினிக்குப் போக அந்த அறை வாசலைக் கடக்கவேண்டும். அட்டையை விட்டுவிட்டு வீடுவரை நடந்து வந்தேன். அடுத்த முறை பல்லைக் காட்ட வேறு இடத்துக்குப் போனேன்.

இனிக் கஷ்டமான கதை.

இரண்டாவது வருடம் வைகாசியில் ஒரு வியாழக்கிழமை. நான் படியேறும்போதே புகை அலாரம் கத்துகிறது. குன்வோரம்மா கரியைப் பற்றவைத்துச் சாம்பிராணியை சூப் கோப்பையில் போட்டிருக்கிறார். கோப்பை வெடித்து, விரிப்பில் நெருப்புப் பிடித்து, திரைச்சேலையின் தொங்கல் எரிகிறது. நான் நிலம் துடைக்கிற வாளியை நிரப்பி அப்படியே தேவி, கத்தி, உப்பு எல்லாவற்றின் மேலும் ஊற்றினேன். அணைந்தது. பக்கத்து வீட்டார் வாசலில் கூட்டம். எல்லாம் துடைத்து முடித்து பேர்மில் எழுதினேன். அல்ட் ப்ரா.

அடுத்த முறை பித்தளைத் தட்டம் ஒன்றும், மண் போட்ட சட்டி ஒன்றும் கொண்டுபோனேன். மெழுகுதிரி தட்டத்துத் தண்ணீருக்குள், சாம்பிராணி மண்ணுக்குள்.

ஆனால் பக்கத்து வீட்டாரின் முறைப்பாடு அலுவலகத்துக்குப் போய்விட்டது. கடிதம் வந்தது. அவரை முதியோர் இல்லத்துக்கு மாற்றுவதா என்று தீர்மானிக்க அலுவலர் வீட்டுக்கு வருவார். இல்லத்தில் நெருப்புக்குச்சியே கூடாது.

குன்வோரம்மா கடிதத்தை மடித்து இனிப்புப் பேணியில் வைத்தார். "ஐப்பசி முடிவிலை எங்கடை பெரிய பெருநாள். அண்டைக்கு என்ரை பூசாரி இடத்தை மாரித்திட்டைக் குடுக்கவேணும். குடுக்கிறவள் தன்ரை வட்டத்துக்குள்ளை நிண்டு குடுக்கவேணும். அதுவரைக்கும் இஞ்சை இருக்க விட்டால் போதும். பிறகு எங்கை கொண்டுபோனாலும் சரி."

"அவர் வரேக்கை கத்தியை ஒளிப்பமோ?" என்று கேட்டேன். "நான் உடுப்புக் கூடைக்குள்ளை வைக்கிறன்."

"ஒளிக்கிறதை நான் முப்பத்தைஞ்சு வயசிலை விட்டிட்டன், பவளம்."

வந்தவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்த ஒரு மனிதர். கூட லைலா. என்னையும் நிற்கச் சொன்னார்கள், கதவோடு ஒட்டி நின்றேன்.

"இதென்ன?" என்றார்.

"பூசை மேசை" என்றார் குன்வோரம்மா.

"கத்தி?"

"வெட்டுறதில்லை. காத்திலை வட்டம் கீறுறது."

அவர் எழுதினார். கதவுக்குப் பின்னால் துணி போர்த்தி நின்றதைப் பார்த்தார். "அது?"

"அது பவளத்தின்ரை விசயம்" என்றார் குன்வோரம்மா.

பிறகு அலுவலர் பேர்மை எடுத்துப் புரட்டினார். கண்ணாடியை இறக்கினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"இரண்டு வருசமா எல்லாம் நல்லம். நெருப்புப் பிடிச்ச அண்டைக்கும் எல்லாம் நல்லம். இதை எழுதினது ஆர்?"

அன்றைக்கு மட்டும் பிழையாக எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என் வேலை தப்பும். ஆனால் ஒரு நாள் பிழையென்றால் மற்ற நாட்களையும் அவர் நம்பமாட்டார், என்னையும் நம்பமாட்டார், குன்வோரம்மாவுக்காகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. லைலா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மணிக்கூடே இல்லை.

"எனக்கு அது மட்டும்தான் எழுதத் தெரியும்" என்றேன்.

குன்வோரம்மாதான் பேசினார். "பேர்மைக் கேக்காதையுங்கோ. அவவைக் கேளுங்கோ."

அலுவலர் கேட்டார். நான் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் ஒரு ஆம்பிளையைப் பார்த்துக் கதைத்ததில்லை. "தைப் பூரணைக்கு முதல் நாள் குளியலறையிலை வழுக்கினவ, விழேல்லை, என்ரை தோளைப் பிடிச்சவ. மாசிப் பூரணைக்குப் பிறகு ரெண்டு கிழமை சரியாச் சாப்பிடேல்லை, சூப் மட்டும். சித்திரைப் பூரணை அண்டைக்கு மருந்தை ரெண்டு தரம் போட்டிட்டா, நான் தாதிக்கு ரெலிபோன் எடுத்தனான்."

"என்ன பூரணை?" என்றார் அவர்.

குன்வோரம்மா சுவரிலிருந்த தன் நிலவுக் கலண்டரைக் கழற்றி மடியில் வைத்து, நான் சொல்லச் சொல்ல விரலை வைத்து, "சரி", "சரி", "அதுவும் சரி" என்றார். அந்த மனிதர் கலண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நெருப்புக் கதையையும் ஒளிக்காமல் சொன்னேன், சூப் கோப்பையிலிருந்து வாளிவரை.

அவர் தட்டத்துத் தண்ணீருக்குள் விரலை விட்டார். "இது ஆரின்ரை யோசனை?"

"எங்கடை வீட்டிலை எப்பவும் இப்பிடித்தான். விளக்காலை வீடு எரிஞ்சதில்லை. ஊரிலை ஒருக்கா எரிஞ்சது. அது விளக்காலை இல்லை."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. லைலா அலுவலரின் கையிலிருந்த பேனாவை வாங்கி, பேர்மைத் தன் மடியில் வைத்தார். "திரும்பச் சொல்லு. தையிலையிருந்து. நான் எழுதுறன்." பக்கம் பக்கமாக எழுதினார்.

மார்கழி வரை இருக்கலாம் என்று தீர்மானம் வந்தது. நானோ மாரித்தோ பக்கத்தில் நிற்கும்போது மட்டும் நெருப்பு, அதுவும் தட்டத்துக்குள்.

என்னை லைலா அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். என் தலைக்குப் பின்னால் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்து "ஓம்" என்றார். ஒரு மஞ்சள் துண்டு தந்தார். அதில் பத்துச் சொல் பெரிய எழுத்தில். விழுந்தார், சாப்பிடவில்லை, அழுதார், புகை, மருந்து மாறியது, இப்படி. அதைப் பார்த்து எழுதிப் பழகினேன். நொஸ்கில் நான் எழுதக் கற்றதெல்லாம் கெட்ட செய்திதான்.

ஐப்பசி முடிவுப் பெருநாளைப் பின்னேரம் நாலு மணிக்கே வைத்தார்கள், குன்வோரம்மாவுக்கு ஏழு மணிக்கு நித்திரை வரும். என்னையும் கூப்பிட்டார். "உடுப்போடைதான்" என்று சொல்லி அனுப்பினார். எனக்காக எல்லோரும் உடுத்திருந்தார்கள், பாவம், பழக்கமில்லாமல் வேர்த்தது. நான் தட்டத்துக்குப் பக்கத்தில் காவல். குன்வோரம்மா தள்ளுவண்டியை விட்டுவிட்டுத் தன் காலில் நின்று, மின்னுகிற கத்தியை மாரித்தின் இரண்டு கையிலும் வைத்தார்.

பிறகு மாரித் தன் கொப்பியை விரித்து, சுவீடனிலிருந்து வந்திருந்த புதியவர்கள் இருவருக்கு விதிகளை வாசித்தாள். வட்டம் வலப்பக்கமாக. நெருப்பு, தண்ணீர்த் தட்டத்தில் நிற்கும். "எங்கள் வழியில் விளக்குமாறு தேவியின் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் துணி போர்த்தி நிற்கும். கத்தி, கிழக்கிலிருந்து வரும் புளிப்புப் பழத்தால் துலக்கப்படும். இவை மிகப் பழைய வழக்கங்கள்."

நான் நிமிர்ந்து குன்வோரம்மாவைப் பார்த்தேன். அவர் இனிப்பை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்கு மாற்றினார். அவ்வளவு பேருக்கு முன்னால் எழும்பி, அது பழைய வழக்கமில்லை, என் பிழை என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சுவீடன்காரர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மார்கழியில் அவர் இல்லத்துக்குப் போனார். கடைசி நாள் வீட்டைத் துடைத்து முடித்து பேர்மை எடுத்தேன். மஞ்சள் துண்டின் பத்துச் சொல்லில் ஒன்றும் அன்றைக்குப் பொருந்தவில்லை. பழையதையே எழுதினேன். அடுத்த பங்குனியில் அவர் கண்ணை மூடிவிட்டார். பூரணைக்கு அடுத்த நாள்.

ஸ்ட்ரோம்மன் கடைகளில் எப்போதாவது மாரித்தைக் காண்பேன். சுவீடனிலும் டென்மார்க்கிலும் இப்போது கடை கடையாகப் பழப்புளி தேடுகிறார்களாம், விதை இல்லாததா விதை உள்ளதா சரி என்று தங்களுக்குள் பிரிந்தும் நிற்கிறார்களாம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

ஆகவே, இதை வாசிக்கிறவர்களில் துணிவுள்ள யாராவது மாரித்திடம் சொல்லிவிடுங்கள். அது மிகப் பழைய வழக்கம் இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை நான் விட்ட பிழை. விதை எடுத்த புளிதான், அதையும் சொல்லுங்கள். எந்த வருடம், எந்த மாதம் என்பதில் எனக்கு நிச்சயமில்லை, ஜெயா சரிபார்க்கட்டும். அலுவலகத்தில் அந்தப் பேர்ம் இன்னும் கிடந்தால் நான் வந்த புதிதில் எழுதிய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம். என் கையெழுத்துத்தான், சுலபமாகத் தெரியும். ஆனால் அங்கே எல்லாம் நல்லம் என்றுதான் இருக்கும்.